பின்னுக்கு வந்த லியோன்

"என்ரை ஒன்பதாம் நம்பரைக் கழட்டித் தா எண்டு கேக்கிறதுக்கு நீங்கள் ஆர் மாஸ்டர்?"

"நம்பரைப் பற்றி நான் கதைக்கேல்லைத் தம்பி. வேறை இடத்திலை நிண்டு பாரும் எண்டு சொல்லுறன்."

"பின்னுக்கோ?"

"ஓம், பின்னுக்குத்தான். எல்லாருக்கும் பின்னுக்கு. கோல்கீப்பருக்கு முன்னாலை நீர் ஒராள் மட்டும்."

"அதைவிட வீட்டை போய் இரு எண்டு சொல்லலாமே."

"வீட்டை போய் இருக்கிற ஆளுக்காகவோ நான் பத்து நிமிசமாத் தொண்டை கிழியக் கத்திறன்?"

பத்து நிமிடமல்ல, கால்மணி நேரம். மைதானம் என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தையல் மெஷினை மதிலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக. வேறு காரணம் சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களுடைய சட்டைகளையும் நான்தான் தைக்கிறேன்.

கத்தியவர்களில் இளையவன் லியோன். ஆறு வருடமாக எங்கள் பங்குக் கழகத்தின் சென்டர் ஃபோர்வேட். வயது இருபத்தெட்டு. தாய் தகப்பன் இல்லை. அண்ணன்மார் இருவரும் கனடாவில். என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியே இருந்தான். ஒரு கோப்பை கழுவும் சத்தம் மட்டும் கேட்கும் வீடு அது. மற்றவர் சண்முகநாதன் மாஸ்டர். அளவெட்டிக்காரர், சைவம். கொழும்பில் ஒரு திணைக்களத்துக்கு விளையாடியவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பிறகு ரவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். மணி அடித்ததும் சைக்கிளில் எங்கள் கரைக்கு வந்து, இருட்ட முன்னர் விசிலை மடியில் கட்டிக்கொண்டு போவார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் அதனால் வந்தது. கொஞ்சம் என்னாலும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. அதற்கு முன்பெல்லாம் எங்கள் கழகம் ஐந்து பேரை முன்னுக்கு விட்டு விளையாடும். பந்து எங்கே போகிறதோ அங்கே ஐந்து பேரும் போவார்கள், சாளை மீன் கூட்டம் போல. பிறகு வலது கரையில் ஓடியவன் கனடாவுக்குப் போனான்; நால்வர் ஆனார்கள். உள்ளுக்கு நின்ற இரண்டு பேர் இயக்கத்துக்குப் போனார்கள். இடது கரைக்காரன் கொழும்புக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். கடிதம் சுவிஸிலிருந்து வந்தது. ஒவ்வொருவன் போகும்போதும் மாஸ்டர் கடதாசியில் புள்ளிகளை மாற்றிப் போட்டார். அவர் அதைப் புது முறை என்றார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆள் தட்டுப்பாடு.

கடைசியில் அவர் போட்ட கடதாசியில், முன்னுக்குப் பிலிப்பு என்ற பத்தொன்பது வயதுப் பெடியன். எல்லாருக்கும் பின்னால் தனியாக ஒரு புள்ளி, லியோன். அந்த இடத்துக்கு ஸ்வீப்பர் என்று பெயராம். கூட்டிப் பெருக்குகிறவன் என்று மாஸ்டர் விளக்கம் வேறு சொன்னார். லியோனுடைய கோபத்துக்கு அந்த விளக்கம் பெரிய உதவி செய்தது.

"உமக்குக் காலை விடக் கண் கெதியா ஓடுது," என்றார் மாஸ்டர், சத்தம் அடங்கிய பிறகு. "நீர் முன்னுக்கு நிண்டு கத்திறதை இரண்டு வருசமாக் கேக்கிறன். பந்து ஆரிட்டைப் போகும் எண்டு, போக முன்னமே சொல்லுறீர். அதைக் கேட்டு ஓட அங்கை ஆக்கள் இல்லை. பின்னுக்கு நிண்டு சொல்லும்."

அடுத்த நாள் காலை லியோன் மதிலுக்கு மேலால் என்னிடம் சட்டையை நீட்டினான்.

"மரியநாயகியக்கா, ஒன்பதைப் பிரிச்சு அஞ்சைத் தையுங்கோ."

சட்டையில் பனம்பழ வாசம். சவர்க்காரம் இல்லாத காலம். பனம்பழத்தில் தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டால் மாடு வந்து சப்பும். ஒன்பதின் வால் ஏற்கெனவே மாட்டின் வயிற்றில் இருந்தது. நான் பிரித்தேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும், கழகச் செயலாளர் செபநாயகம் கோயில் வாசலில் நின்று, கலியாண ஓலை வாசிக்கிற அதே குரலில் அணியின் பெயர்களை வாசிப்பார். முன்னுக்கு நிற்பவனிலிருந்து தொடங்கி, கோல்கீப்பரில் முடிப்பார். ஆறு வருடமாக முதற்பெயர் லியோன். அந்த ஞாயிறு முதற்பெயர் பிலிப்பு. சனம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது. லியோன் இல்லை. கடைசிக்கு முதற்பெயராக லியோன் வந்தபோது, தேர்முட்டியடியில் ஒருவர் "ஐயோ பாவம்" என்றது எனக்குக் கேட்டது.

ஏனென்றால் எங்கள் கரையில் ஒரு சொல் உண்டு: கால் போனவன் பின்னுக்கு, கண் போனவன் கோலுக்கு. ஆணி ஏறிப் புரையோடியவன், முழங்கால் சில்லு விலகியவன், இவர்களைத்தான் எங்கள் கழகம் பின்னுக்கு நிறுத்தும். இது முப்பது வருட வழக்கம். நல்ல காலுள்ள ஒருவனைப் பின்னுக்கு விட்டதாகச் சரித்திரம் இல்லை. மாஸ்டருக்கு இதை யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் லூர்த்தம்மா சட்டை அளவு கொடுக்க வந்தாள். அவள் புருஷன் நீக்கிலாப்பிள்ளை எங்கள் கரையில் பெரிய சம்மாட்டி. மூன்று வள்ளம், கழகத்துக்குத் தலைவர், பூசையில் முதல் வாங்கு. அவர்களுடைய மகள் பெர்னடெட்டுக்கும் லியோனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு என்றால் முடிவாகவில்லை, முறியவும் இல்லை. பாரிஸில் இருந்த மகன் அங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்து எழுதியிருந்தான். பெண்ணைக் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்திருக்கத் தகப்பனுக்கு ஆசை. பெண்ணுக்கு லியோன் மேல் ஆசை. லியோனுக்கோ, அந்த வீட்டு உறவைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வர இருக்கவில்லை.

நான் லூர்த்தம்மாவின் தோளை அளந்துகொண்டு கேட்டேன், "லியோனுக்கு முழங்காலிலை ஏதும் சுகமில்லையோ?"

கேட்டேன், அவ்வளவுதான். சொல்லவில்லை. கேட்பதற்கும் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் என் வாசலைத் தாண்டியதும் எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திங்கட்கிழமை அது முழங்கால் சில்லு. செவ்வாய்க்கிழமை அவனை முறிவு வைத்தியம் செய்யும் பரியாரியிடம் கண்டவர்கள் இரண்டு பேர். புதன்கிழமை பரியாரி கையை விரித்துவிட்டார். சைக்கிள் ஓடுகிறவனுக்கு முழங்கால் எப்படிப் பழுதாகும் என்று கேட்டவர்களுக்கு, ஒற்றைக் காலால் மிதிக்கிறான் என்று பதில் இருந்தது. வேறு விதமாக ஒத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்த வருடம் கடலுக்குத் தடை. வலைகள் வேலியில் காய்ந்தன. இடுப்பளவு நீரில் அவன் நின்று வலை இழுப்பதை ஊர் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நேரே அவனைக் கேட்கலாமே என்றால், அது எங்களிடம் இல்லாத பழக்கம். மாப்பிள்ளையிடம் காலைப் பற்றிக் கேட்பது, பெண்ணிடம் பல்லைக் காட்டு என்று கேட்பது போல.

லியோன் காதிலும் விழுந்தது. மதிலடியில் வந்து நின்றான்.

"என்ரை காலைப் பற்றி ஆரக்கா கதை கட்டினது?"

"எனக்கென்னடா தெரியும்," என்றேன். "நீ போய் நீக்கிலாப்பிள்ளையரிட்டை நல்லாயிருக்கெண்டு ஒரு வாத்தை சொல்லன்."

"கால் இருக்கெண்டு காட்டுறதுக்கு நானென்ன சந்தைக்கு வந்த கிடாயோ?"

"அப்ப மாஸ்டரிட்டைச் சொல்லித் திரும்ப முன்னுக்குப் போ."

அந்த நேரம் கிண்ணப் போட்டியில் இரண்டு ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டிலும் எங்கள் பக்கம் ஒரு கோலும் விழவில்லை.

"முன்னுக்கு நிக்கேக்கை பந்து மட்டும்தான் தெரியும் அக்கா. இஞ்சை நிண்டால் எல்லாற்றை முதுகும் தெரியுது. ஆர் களைச்சுப் போனான், ஆர் பயப்பிடுறான், எல்லாம்."

"நல்லாயிருக்கோ?"

"நல்லாயில்லை. ஒருத்தரும் கிட்ட வராயினம். ஆனால் விளங்குது."

உள்ளே போய் அடுப்பை மூட்டினான். ஒரு ஆளுக்கு உலை வைப்பது கஷ்டம், எப்போதும் கூடிப்போகும். மிஞ்சியதை அவன் காகத்துக்கு வைக்கும்போது, காகத்தோடு ஏதோ சொல்வான். என்ன சொல்கிறான் என்று எவ்வளவு காது கொடுத்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அரையிறுதி ஆட்டத்திலும் எங்கள் பக்கம் கோல் விழவில்லை. ஆனால் ஊர் வேறொன்றைப் பார்த்தது. முன்னுக்கு நின்ற காலத்தில் லியோன் வேலி பாய்ந்த கன்று போல ஓடுவான்; இருபது தரம் ஓடி ஒரு தரம் பந்தைப் பிடிப்பான். இப்போது அவன் ஓடவில்லை. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நிற்பான். கொஞ்ச நேரத்தில் பந்து அங்கே வரும். காலால் தடவி எடுத்து, அருகில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப நடந்து போவான். மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று தன் பாட்டில் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற சனம் தலையைத் தலையை ஆட்டியது.

"பாத்தியளோ, ஓடவே மாட்டானாம்."

"ஓட ஏலாது. சும்மா மாஸ்டர் இரக்கப்பட்டு வைச்சிருக்கிறார்."

எவ்வளவு திறமாக விளையாடினானோ, அவ்வளவு நொண்டியானான்.

இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் பெர்னடெட் என் வீட்டுக்கு வந்தாள், அரைக்கைச் சட்டையின் கையை நீட்டித் தைக்க. அதே நேரம் லியோனும் கிழிந்த காற்சட்டையோடு வந்தான். தற்செயல்தான். இருவருக்கும் நான் சொன்ன நேரம் ஒன்றாக இருந்தது என் மறதி.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பார்."

"வரட்டும்."

"அண்ணை திரும்பவும் எழுதிப்போட்டார். ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கிறதுக்குப் பேர் குடுக்க வேணுமாம். ஞாயிற்றுக்கிழமை பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன் எண்டு அப்பா சொன்னவர்."

"என்னத்தைப் பாத்திட்டு?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ. கோல் போடவேண்டாம். மைதானத்தின்ரை இந்தப் பக்கத்திலையிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒருக்கா. அது காணும்."

லியோன் அவளைப் பார்த்தான். நான் நூலைப் பல்லால் கடித்தபடி இருந்தேன்.

"சரி," என்றான். "ஓடுறன்."

ஞாயிற்றுக்கிழமை வல்வெட்டித்துறை அணி இரண்டு ட்ராக்டரில் வந்து இறங்கியது. எரிபொருள் இல்லாத நாளில் இரண்டு ட்ராக்டர் என்றால் எவ்வளவு மரியாதை என்று யோசியுங்கள். அவர்களிடம் கரையால் ஓடுகிற ஒரு விங்காரன் இருந்தான். மெலிந்தவன், நெத்தலி போல வளைந்து போவான். நீக்கிலாப்பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பெண்கள் எல்லாம் பூவரசமரத்தின் கீழே. நான் பெர்னடெட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அங்கே நல்லாகத் தெரியும்.

முதற்பாதியில் கோல் இல்லை. நெத்தலி ஏழு தரம் வந்தான். ஏழு தரமும் லியோன் அவனுக்கு முன்னரே அங்கே நின்றான், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி. பெர்னடெட்டின் விரல்கள் செபமாலையில் இல்லை, என் கையில் இருந்தன. நகம் பதிந்தது.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்கும். அவர்கள் எல்லாரும் முன்னேறி அடித்த பந்தை லியோன் நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கினான். தலையை நிமிர்த்தினான். அவனுக்கு முன்னால் மைதானத்தின் நடு, வள்ளம் போன கடல் போல வெறுமையாகக் கிடந்தது. அவர்களுடைய ஆட்கள் எல்லாம் எங்கள் பக்கத்தில். ஓட வேண்டியதுதான்.

ஓடினான்.

சனம் எழுந்து நின்றது. நீக்கிலாப்பிள்ளை கதிரையின் நுனிக்கு வந்தார். ஓரடி, இரண்டடி, மூன்றடி, நாலடி. அந்தக் காலில் ஒரு குறையுமில்லை, பழைய லியோன். பிறகு நின்றுவிட்டான். பந்தின் மேல் உள்ளங்காலை வைத்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். நெத்தலி திரும்பி ஓடாமல், லியோன் விட்டுவந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். அங்கே எங்கள் ஆள் ஒருவனும் இல்லை. லியோன் கையை உயர்த்தி ஒரு சத்தம் போட்டு, பந்தை நீளமாக அடித்தான். அது இடது கரையில் விழுந்தபோது பிலிப்பு அங்கே வந்துகொண்டிருந்தான். பிலிப்பு செய்ய வேண்டியிருந்தது விழாமல் இருப்பது மட்டும். கோல்.

மைதானம் முழுவதும் பிலிப்பின் மேல் விழுந்தது. லியோன் திரும்பி, தன் இடத்துக்கு நடந்து போனான்.

நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் நின்ற செபநாயகத்திடம் சொன்னது பூவரசடி வரை கேட்டது. "நாலடி ஓடினான். அஞ்சாவதுக்குக் கால் விட்டிட்டுது. பாவம்."

ஒன்றுக்குப் பூச்சியம். கிண்ணம் எங்களுக்கு. பிலிப்பைத் தோளில் தூக்கிக் கோயிலடிக்குக் கொண்டு போனார்கள். மாஸ்டர் ஒவ்வொருவராகப் பிடித்து, "அந்தப் பெடியன் நிண்டதைப் பாத்தியளோ? நிண்டானெல்லோ, அதைப் பாத்தியளோ?" என்று கேட்டுக்கொண்டு போனார். எல்லோரும் "ஓம் மாஸ்டர், பாத்தனாங்கள்" என்று சோகமாகச் சொன்னார்கள். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் இந்த ஊர் ஏன் துக்கம் விசாரிக்கிறது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அன்று பின்னேரமே நான் லூர்த்தம்மா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

"லியோன்ரை காலிலை ஒண்டும் இல்லையணை. நான் அடுத்த வீடு, எனக்குத் தெரியாதே?"

"சுகமில்லையெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"நான் கேட்டனான்."

லூர்த்தம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தாள், சீனி இல்லாமல், ஒரு பனங்கட்டித் துண்டோடு. என் வாயிலிருந்து வந்த கெட்டதை ஒரே நாளில் நம்பிய ஊர், நல்லதைக் கேட்டுவிட்டுப் பனங்கட்டி தருகிறது.

பெர்னடெட் வாசல் படலை வரை வந்தாள். நான் அவளுக்கும் அதையே சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் அக்கா," என்றாள். "அவரின்ரை காலிலை பிழையில்லை. நான் கண்டனான்."

"அப்ப அப்பரிட்டைச் சொல்லன் பிள்ளை. நீ அழுது பிடிச்சால் அவர் கேப்பார்."

"அழுது பிடிக்கலாம்." படலைக் கம்பியை நெளித்துக்கொண்டு நின்றாள். "அவர் நிண்டு பின்னாலை பாத்தவரெல்லோ. அப்ப முகத்தைப் பாத்தன். அப்பா அங்கை இருக்கிறார், நான் இஞ்சை இருக்கிறன், ஒண்டும் அந்த முகத்திலை இல்லை. மறந்து போனார். பொய்யாயெண்டாலும் இன்னும் நாலடி ஓடியிருக்கலாம்."

"ஓடியிருந்தால் எங்கடை பக்கம் கோல் விழுந்திருக்குமடி."

"விழுந்திருக்கும்," என்றாள். "அது எனக்கும் தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது லியோன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு கால்களும் நல்ல கால்கள். நான் மதிலில் கையை ஊன்றி நின்றேன்.

"ஏன்டா நிண்டனீ?"

"இடம் வெறுமையாக் கிடந்தது அக்கா."

"ஓடுறன் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டு வந்தனீயெல்லோ?"

தண்ணீரை ஊற்றினான். வாளி வெறுமையான பிறகும் கவிழ்த்துப் பிடித்திருந்தான்.

"அந்த நேரம் அவள் ஞாபகத்திலையே வரேல்லை. பிலிப்பின்ரை கோல் விழுந்தாப் பிறகுதான் வந்தது. அப்ப திரும்பிப் பாத்தன், பூவரசடியிலை ஆக்கள் எழும்பிப் போயினம்."

போய்க் கேள், போய்ச் சொல்லு, காலைப் பிடி என்று எவ்வளவோ சொன்னேன். அவன் போகவில்லை. அவளும் அழுது பிடிக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை இரக்கமுள்ள மனிதர். லியோனைக் கூப்பிட்டு, கடல் திறந்தால் கிழிந்த வலை பொத்துகிற வேலை தருவதாகவும், நின்று செய்ய வேண்டியதில்லை, இருந்துகொண்டே செய்யலாம் என்றும் சொன்னார். லியோன் "சரி சம்மாட்டியார்" என்று சொல்லிவிட்டு வந்தான். அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது என் வழக்கமும் அல்ல.

அடுத்த வருடம் மாசியில் பெர்னடெட் கிளாலியால் வள்ளம் ஏறி, கொழும்புக்குப் போய், எட்டு மாதம் லொட்ஜில் காத்திருந்து பாரிஸுக்குப் போனாள். அங்கே கலியாணம். மாப்பிள்ளை ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவராம். படம் வந்தது, கனமான கோட்டுக்கு மேல் தாலி தெரிகிற மாதிரி நிற்கிறாள். இரண்டு பிள்ளைகள். பிலிப்பு தொண்ணூற்றிநாலில் கனடா. லூர்த்தம்மாவும் புருஷனும் கொழும்பில் மகளுடைய ஸ்பொன்சருக்குக் காத்திருந்தார்கள். அவர் அங்கேயே காலமானார். செபநாயகம் மடுவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மாஸ்டர் சாவகச்சேரி அகதி முகாமில் ஒரு பந்தோடு காணப்பட்டார் என்று கேள்வி. பிறகு அளவெட்டிக்குத் திரும்பி, சொந்தத்துக்குள் ஒரு ரீச்சரை ஐம்பது வயதில் கலியாணம் முடித்தார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறதென்று சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது, லியோனும் நானும் ஒரே நாள் வெளிக்கிட்டோம். என் தையல் மெஷினின் தலையை நாவற்குழிப் பாலம் வரைக்கும் அவன்தான் சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தான். சனத்துக்குள் அங்கே பிரிந்துபோனோம். மெஷினை யாரோ ஒருவரிடம் என் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தான். அது நாலாம் நாள் என்னிடம் வந்துசேர்ந்தது. அவன் வன்னிக்குப் போய், அங்கிருந்து பேசாலைப் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். கலியாணம் முடித்தானா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன். ஒருவர் ஓம் என்றார், ஒருவர் இல்லை என்றார். மற்றவர், எந்த லியோன் என்று கேட்டார்.